அரிசி உலைக்குப் போக முன்னம் ஒரு பிடி

தம்பி, உமது கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து மாதம், வெயார்ஹவுஸ் வேலை. வாடகையைக் கட்டி, ஏஜென்சிக்காரனுக்காகப் பட்ட கடனையும் கட்டி, கோண்டாவிலில் வீட்டுக்கும் அனுப்பினால் கையில் ஐம்பது டொலர்கூட நிற்பதில்லை. 'கடன் முடியட்டும், இரண்டு வருடம் கழித்துச் சேமிக்கத் தொடங்கினால் போதாதோ அண்ணை' என்று கேட்டிருந்தீர். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னுடைய இரண்டு வருடம் ஒன்பது வருடமாய் இழுபட்டது. கடன் முடிந்த மாதமே கார் வந்தது, அப்புறம் தங்கச்சியின் கலியாணம்.

அம்மாவின் திவசத்துக்காக இப்போது யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் நிற்கிறேன். குசினித் தட்டில் அவவின் பழைய லக்ஸ்பிறே பால்மா ரின் இன்னும் இருக்கிறது. உலை வைக்கும்போது மூன்று சுண்டு அரிசி அளப்பா. அதிலிருந்து ஒரு பிடி அள்ளி ரின்னுக்குள் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவா. சோறு மிஞ்சினால் பார்ப்போம் என்று அவ இருந்ததில்லை, எங்கள் வீட்டில் சோறு மிஞ்சியதும் இல்லை. அந்த ஒரு பிடி குறைந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியவும் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதிச் சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, சைக்கிள் கரியரில் அம்மா முதலில் கட்டியது அந்த ரின்னைத்தான். நாவற்குழிப் பாலம் தாண்டி, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் மூன்று நாள் கஞ்சி குடித்தோம். எல்லாம் அந்தப் பிடியரிசி.

உமக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சம்பளம். வருடத்துக்கு 26. சம்பளம் விழுகிற அன்று காலையே 20 டொலர் தானாக வேறொரு கணக்குக்குப் போகும்படி செய்துவிடும். அந்தக் கணக்குக்கு பாங்க் கார்ட் எடுக்க வேண்டாம். வருட முடிவில் 520 டொலர். சிரிப்பு வரும், தெரியும். ஆனால் திடீரென்று இரண்டு கிழமை வேலை நின்றால், கிரெடிட் கார்ட்டில் அரிசி வாங்காமல் தப்ப வைப்பது அந்த 520தான். பெரும்பாலான கார்டுகளில் வட்டி ஏறத்தாழ 20 சதவீதம். அதில் ஏற்கெனவே பாக்கி இருந்தால், மிச்சம் பிடிக்கிற மற்றக் காசையெல்லாம் முதலில் அதற்கே கட்டும். ஆனால் அந்த 20 டொலரை நிறுத்திவிட வேண்டாம்.

இன்னொன்று. 26 சம்பளத்தை 12 மாதத்துக்குப் பிரித்தால் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் வரும். வாடகை மாதத்துக்கு ஒன்றுதானே, அந்த மூன்றாவதில் பாதியை எடுத்து வையும். மற்றப் பாதி வீட்டுக்கு.

வீட்டுக்கு இந்தக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பொய் சொல்லச் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்லத் தேவையில்லை என்கிறேன். பெரியப்பா வீட்டுக் கூரை, கோயில் திருவிழா உபயம் எல்லாம் நியாயமான செலவுதான். ஆனால் அதற்கு முடிவில்லை.

சீட்டுப் போடலாமோ என்றும் கேட்டிருந்தீர். சீட்டில் ஒரு நல்ல குணம், மாதம் பிறந்தால் தாச்சி, அதுதான் சீட்டு நடத்துகிறவர், விடமாட்டார், கட்டியே ஆக வேண்டும். நானும் மாதம் 500 டொலராகப் பதினொரு மாதம் கட்டினேன். என் முறை வர முன்னமே சீட்டு உடைந்தது. எழுத்தில் ஒரு துண்டும் இல்லை, போன் அடித்தால் ஆள் எடுக்கவில்லை. ஆர் என்று கேட்க வேண்டாம், ஊர்ச்சனம்தான். கனடாவில் வைப்புக் காப்புறுதியில் சேர்ந்த வங்கியில் போட்டால் ஒரு இலட்சம் டொலர் வரைக்கும் பயமில்லை.

கொஞ்சம் சேர்ந்ததும் ரி.எஃப்.எஸ்.ஏ. (TFSA) என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கைத் திறவும். அதில் வருகிற வட்டிக்கு வரி இல்லை. ஒரு இடத்தில் மட்டும் கவனம். அது 2009இல் தொடங்கியது. அப்போதே 18 வயதாகிக் கனடாவில் இருந்தவருக்கு 2025 வரை 102,000 டொலர் போட இடம் உண்டு. உமக்கு வந்த வருடத்திலிருந்துதான் கணக்கு, 2025இல் 7,000. அறையில் கூட இருக்கும் அண்ணன்மார் சொல்கிற தொகையைக் கேட்டு மேலதிகமாய்ப் போட்டால், கூடின காசுக்கு மாதம் 1 சதவீதம் தண்டம். எடுத்த காசைத் திரும்பப் போடுவதென்றாலும், வேறு இடம் மிச்சம் இல்லாவிட்டால் அடுத்த ஜனவரி வரைக்கும் பொறுக்க வேண்டும்.

அடுத்த சம்பளம் வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தீர். வியாழன் பின்னேரம் பாங்குக்குள் ஏறி இதைச் செய்துவிடும். 20 கஷ்டமென்றால் 10 போடும். நான் அடுத்த கிழமை திரும்புகிறேன். சூட்கேசில் இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது. உமது அம்மாவிடம் சொல்லி வையும், மிளகாய்த்தூள் வந்து வாங்குகிறேன்.