யூதத் தோழி வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைத்தால்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்க வந்திருக்கிறேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பவள் யூதப் பெண். சமையலறை இருவருக்கும் பொது. வெள்ளிக்கிழமை இரவு ஹில்லெல் என்ற யூத மாணவர் மையத்தில் நடக்கும் விருந்துக்கு என்னையும் அழைக்கிறாள். நான் சைவம். போகலாமா? என்ன கொண்டுபோக வேண்டும்? காசா போருக்குப் பிறகு வளாகத்தில் எல்லோருமே இறுக்கமாக இருக்கிறார்கள். ஏதாவது தவறாகப் பேசிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போங்கள். விருந்தாளியை அமர்த்திச் சாப்பிடுவது அவர்களிடம் பழைய வழக்கம். வாய் வார்த்தைக்காக அழைத்திருக்க மாட்டாள்.

போகுமுன் அந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். யூத மாணவர்களுக்கான ஹில்லெல் அமைப்பு 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பிராங்கல் என்ற இளம் ரபியை (யூத மதகுரு) கொண்டு தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவல், யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டிருந்தார். வரம்பு என்ற பெயரில் அது நிறைவேறவில்லை. குணநலன், சொந்த ஊர் என்று சேர்க்கை முறையை வளைத்து அதே காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள். 1950-களில் இப்படிச் செய்ததற்காக ஸ்டான்போர்ட் மன்னிப்புக் கேட்டது 2022-இல்தான். உள்ளே நுழைவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், நுழைந்தவர்கள் தங்களுக்கென ஓர் அடுப்பையும் பிரார்த்தனைக்கு ஓர் அறையையும் தேடிக்கொண்டார்கள். உங்கள் தோழி அழைப்பது அந்தப் பந்திக்குத்தான்.

இன்னொரு விதி எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அவர்களுடைய பொதுப் பிரார்த்தனைக்குக் குறைந்தது 10 பேர் வேண்டும். அதை மின்யான் என்கிறார்கள். ஆசாரமான (ஆர்த்தடாக்ஸ்) பிரிவினர் 10 ஆண்களைக் கணக்கிடுவார்கள், மற்ற பிரிவினர் பெண்களையும் சேர்ப்பார்கள். இறந்த பெற்றோருக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனையைத் தனியாகச் சொல்ல முடியாது. ஆகவே தந்தையை இழந்த ஒரு மாணவனுக்காக, தேர்வுக் காலமானாலும், இன்னும் 9 பேர் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நெருக்கடி வரும்போது இந்தச் சமூகம் குலைந்துபோகாமல் இருப்பதற்கு மனவுறுதிப் பயிற்சி முகாம்களைவிட இந்த விதியும் வாரம் தவறாத வெள்ளிக்கிழமைச் சாப்பாடும்தான் காரணம் என்பேன். ஆண்டுக்கு இரண்டு விழாவோடு நின்றுவிடும் நம் மாணவர் சங்கங்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இனி உங்கள் விஷயம். ஹில்லெலுக்குக் கையில் எதுவும் கொண்டுபோகத் தேவையில்லை. வீட்டில் சமைத்த பண்டம் எவ்வளவு சுத்த சைவமானாலும் அங்கே வைக்க முடியாது. அது கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடத்தும் சமையலறையில் சமைத்ததல்ல. மதுவுக்குத் தனி விதிகள் உண்டு, அந்தப் பக்கமே போக வேண்டாம். யாராவது வீட்டுக்கு அழைத்தால் வெட்டாத பழமோ பூங்கொத்தோ போதும். அதையும் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடுங்கள். ஷபாத் என்னும் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடிகிறது. விளக்கேற்றுவது வழக்கமாகச் சூரிய அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு. டிசம்பரில் வடக்கு மாநிலங்களில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய வளாகங்களில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனி அறையில் பிரார்த்தனையை முடித்துவிட்டு ஒரே கூடத்தில் சாப்பிட வரும். திராட்சை ரசத்தின் மீது ஆசி சொல்லும்போது மற்றவர்கள் எழுந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். பிறகு கை கழுவுவார்கள். கழுவியதிலிருந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போடும்வரை பலர் பேசமாட்டார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஏதாவது கேட்டு பதில் வராவிட்டால் மனம் வருந்த வேண்டாம். செல்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும், படம் எடுக்க வேண்டாம். ஆசாரமானவர்கள் எதிர்பாலரோடு கைகுலுக்க மாட்டார்கள். நம் வணக்கம் அங்கே நன்றாகவே செல்லும்.

நீங்கள் சைவம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ‘பரேவ்’ என்று எழுதியிருந்தால் அதில் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை என்றுதான் பொருள். முட்டையும் மீனும் பரேவ் வகையில் வரும். பின்னிய கூந்தல் போலிருக்கும் ஹல்லா ரொட்டியில் பெரும்பாலும் முட்டை இருக்கும். காய்கறி சூப் கோழிச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். பெயரைப் பதிவு செய்யும்போதே “மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்” என்று எழுதிவிடுங்கள். பதிவு அவசியம், அடையாள அட்டையும் எடுத்துச் செல்லுங்கள். 2018-இல் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு யூத நிலையங்களின் வாசலில் காவல் மிகவும் கூடிவிட்டது. பையைச் சோதித்தால் அது உங்களைச் சந்தேகித்து அல்ல.

வீட்டுச் சமையலறை உங்களுக்கு எளிதில் பிடிபடும். அசைவத்துக்குத் தனிப் பாத்திரம் வைக்கும் வீடுகளை நாம் பார்த்தவர்கள்தானே; அவர்கள் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனி வைக்கிறார்கள். அவளுடைய சட்டி, கரண்டி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு எதையும் கேட்காமல் தொடாதீர்கள். அடுப்பு, மைக்ரோவேவ் பற்றி முதல் வாரத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். பஸ்கா என்னும் யூதப் பண்டிகை வாரத்தில் கெடுபிடி இன்னும் கூடும்: கோதுமை ரொட்டியும் மாவும் அவள் கைவசம் இருக்கவே கூடாது. ஐரோப்பிய வழி வந்த குடும்பமென்றால் வழக்கமாக அரிசியும் பருப்பும்கூட அந்த வாரம் விலக்கு, நீங்கள் இட்லி கொடுத்தாலும் சாப்பிட மாட்டாள். ஓய்வுநாளில் மின்விசையைத் தொடாத வழக்கம் அவளுக்கு இருந்தால், வெள்ளி இரவு எரியவிட்ட குளியலறை விளக்கை அணைத்துவிடாதீர்கள்.

அரசியலுக்கு வருகிறேன். எல்லா யூத மாணவர்களும் ஒரே கருத்துடையவர்கள் என்று நினைப்பதுதான் முதல் பிழை. 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலஸ்தீன ஆதரவுக் கூடாரங்களுக்குள்ளேயே யூத மாணவர்கள் சிலர் பஸ்கா விருந்து நடத்தினார்கள். அதற்கு முந்தைய நாள், அதே வளாகத்தில் பணியாற்றிய ஒரு ரபி, நிலைமை சீராகும்வரை வீடு திரும்புங்கள் என்று யூத மாணவர்களுக்கு எழுதியிருந்தார். உங்கள் தோழி எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. அவளுக்கே இரண்டு மனமாக இருக்கலாம். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் உறவினரை இழந்தவர்களும், காசாவில் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளை நினைத்துத் தூங்காதவர்களும் ஒரே மேசையில் இருக்கக்கூடும்.

போரைப் பற்றி உங்களுக்கென்று ஒரு கருத்து இருந்தால் அதை ஒளிக்க வேண்டியதில்லை. இஸ்ரேல் அரசு செய்வதற்கெல்லாம் அவளைப் பதில் சொல்ல வைக்காதீர்கள், அவ்வளவுதான். அவளாகப் பேச்சை எடுத்தால் கேளுங்கள், உடன்படாவிட்டால் அதையும் சொல்லுங்கள். யாராவது அவளை யூதர் என்பதற்காக இழிவாகப் பேசினால், புகார் கொடுக்கப் போகும்போது சாட்சியாகக் கூடவே போங்கள். 1964-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்களில் இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொதுவான வம்சாவளி என்ற வகையில் யூதர்களுக்கும் அது பொருந்தும். உங்கள் நிறத்தையோ நாட்டையோ சொல்லி யாராவது ஏசினாலும் நீங்கள் புகார் கொடுப்பது அதே பிரிவின் கீழ்தான்.