படகு ட்ரெய்லர் சட்டத்தில் ஜிப்சி வண்டி கட்டலாம், முதலில் துருவைப் பாருங்கள்

தம்பி, நிலாவெளியில் படகு இறக்கின பழைய ட்ரெய்லர் சட்டத்தின் மேல் ஜிப்சி வண்டி (நாடோடிகள் உள்ளேயே தங்கிப் பயணிக்கும் மர வீட்டு வண்டி) மாதிரிச் சின்னக் கூடு கட்டினால் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டலாம். ஆனால் பலகை வாங்க முதல் சட்டத்தைப் பாருங்கள், உப்புத்தண்ணிக்குள் இறங்கி ஏறிய இரும்பு வெளியில் பெயின்டோடு நன்றாகத்தான் தெரியும், உள்ளே தின்றிருக்கும். அச்சுக்குப் பக்கத்திலும் வெல்டிங் மூலைகளிலும் சுத்தியலால் தட்டுங்கள்; கணீரென்றால் சரி, மந்தமாகக் கேட்டுத் துருச் செதிள் உதிர்ந்தால் அந்தத் துண்டையே வெட்டி மாற்றுங்கள், மேலே தகடு வைத்து ஒட்டுவது ஏமாற்று வேலை. சில்லைக் கழற்றிப் பேரிங்கையும் பாருங்கள். கிறீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணி போய்விட்டது, புதிது போடுங்கள்.

அடுத்தது பாரம், இதில்தான் எனக்குப் பயம். மேலே போகப்போக வெளியே சாயும் சுவரும் வளைந்த கூரையும்தான் அந்த வண்டிகளின் அழகு, ஆனால் எடை உயரத்துக்குப் போய்விடும். அதனால் பேட்டரி, தண்ணிக் கான் எல்லாம் கட்டிலுக்குக் கீழே, அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொளுவியில், அதாவது இழுக்கும் வாகனத்தோடு ட்ரெய்லரைப் பூட்டும் இடத்தில், அழுத்த வேண்டும், பின்பக்கம் பாரம் கூடினால் கந்தளாய் வீதியில் வேகமெடுத்ததும் வால் ஆடத் தொடங்கும், பிறகு பிடிக்கவே முடியாது.

கூரைக்கு மெல்லிய மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு வளைத்து ஒட்டுங்கள், மார்கழி மழைக்கு ஓரம் நன்றாக வெளியே நீளட்டும். கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்றுக்கு எதிரெதிராக இரண்டு யன்னல் கட்டாயம். அச்சும் கொளுவியும் தெரிகிற மாதிரிப் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.