சிறிய டிஜிட்டல் கேமராவா, எஸ்எல்ஆரா: முதல் கேமராவாக எதை வாங்கலாம்?

மெகாபிக்சலை விடுங்கள், சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) அளவைப் பாருங்கள். சாதாரண பாக்கெட் கேமராவில் அது சுமார் 6.2 × 4.6 மி.மீ.; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. எஸ்எல்ஆர் என்பது லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய பெரிய கேமரா; அதில் பரவலான ஏபிஎஸ்-சி என்ற சென்சார் அளவு ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ., அதாவது பரப்பில் 13 மடங்கு. பெரிய சென்சார் அதிக ஒளியைப் பிடிக்கும்.

பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தையைப் படமெடுத்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சிறியதில் முகம் கலங்கும், நிழலெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். எஸ்எல்ஆரில் எஃப்/1.8 லென்ஸை (அகலமாகத் திறந்து அதிக ஒளியை உள்ளே விடுவது) போட்டு, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) 3200க்கு ஏற்றினால் 1/250 நொடியில் முகம் உறைந்து நிற்கும். கேமராவோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸோடு நிறுத்திக்கொண்டால் இந்தப் பலன் பாதிதான். அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

நல்ல வெயிலில் எடுத்து போனில் பார்ப்பதற்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்புறம் எடை. எஸ்எல்ஆர் லென்ஸோடு சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல் போகும். என் எஸ்எல்ஆர் பல பயணங்களில் பையைவிட்டே வெளியே வரவில்லை. தூக்கிக்கொண்டு அலைய மாட்டீர்கள் என்றால், ‘1 இஞ்ச்’ என்று அழைக்கப்படும் சென்சார் (உண்மையில் 13.2 × 8.8 மி.மீ.) உள்ள சிறிய கேமராவை வாங்குங்கள். பறவை, விளையாட்டு என்று போவதானால் எஸ்எல்ஆர்தான்.