ஹெவி மெட்டல் கேள்வி பதில்: சத்தமா, ரிஃப்பா?

கடற்காற்று: அண்ணா, காது கிழியும் சத்தத்தில் வாசிக்கிற ராக்தானே ஹெவி மெட்டல்?

இல்லை. சத்தத்தை யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். மெட்டலின் உயிர் ரிஃப்பில், அதாவது கிதாரில் திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரத்தொடரில் இருக்கிறது. மற்ற ராக்கில் ரிஃப் பாட்டுக்குத் துணை போகும். மெட்டலில் ரிஃப்தான் பாட்டு. பாடகர் அதன்மேல் ஏறி வருவார். அதுவும் கீழ்ச்சுரங்களில், டிஸ்டார்ஷனோடு (கிதார் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது), பெரும்பாலும் பேஸ் கிதாரும் அதே தொடரை வாசித்தபடி வரும். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள். அதில் கீழ்ச்சுரங்கள் சரியாக வராது, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

வயலின் மாணவி: பவர் கார்ட் என்கிறார்களே, அது என்ன சார்? நான் கர்நாடக சங்கீதம் படிக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ச, ப இரண்டும் சேர்ந்து. காந்தாரம் கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் சுவாரசியம். டிஸ்டார்ஷன் வழியாகப் போகும் இரண்டு சுரங்கள், அவற்றின் கூட்டலிலும் வித்தியாசத்திலும் புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கும். ச 110 ஹெர்ட்ஸ், ப 165 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 55. அது அதே ச, ஒரு ஸ்தாயி கீழே! கிதாரில் யாரும் மீட்டாத ஒரு மந்தர ஸ்தாயி ஷட்ஜம் தானாக ஒலிக்கிறது. அந்தக் கனம் அங்கிருந்துதான் வருகிறது. காந்தாரத்தையும் சேர்த்தால் பிறக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஒலி கலங்கிவிடும்.

ரயில்வே காலனி: இது எங்கே, யாரால் தொடங்கியது?

இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆஸ்டன் பகுதிப் பையன்கள் நால்வரால். அவர்கள் குழுவின் பெயர் பிளாக் சாபத். கிதாரிஸ்ட் டோனி ஐயோமி 17 வயதில் தகர ஆலையில் வேலை செய்தபோது, இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவர் இடது கைக்காரர். அதனால் தந்தியை அழுத்துகிற கையே போனது. இனி வாசிக்க முடியாது என்று இருந்தவருக்கு, ஆலை மேலாளர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் இசைத்தட்டைக் கேட்கக் கொடுத்தார். தீக்காயத்தால் இரண்டு விரல்கள் முடங்கியும் வாசித்த ஜாஸ் மேதை அவர். ஐயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கி, சி ஷார்ப்பில் கட்டினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலி கனத்தது.

முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. குழுவின் பெயரையே கொண்ட முதல் பாட்டின் ரிஃப் மூன்றே சுரம்: ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். கல்யாணி ராகத்தில் நமக்கு மங்களமாகக் கேட்கிற அதே ம, இங்கே பஞ்சமத்துக்குப் போகாமல் அந்தரத்தில் நிற்கும்போது அடிவயிறு கலங்குகிறது.

விவிலியன்: அந்தச் சுர இடைவெளியைத் திருச்சபை தடை செய்திருந்ததாமே?

அப்படி ஒரு தடைக்கு ஆதாரம் இல்லை. ‘இசையில் சாத்தான்’ என்ற பட்டப்பெயர் மட்டும் உண்டு. அந்தப் பாட்டில் பேசுபவனும் சாத்தானைக் கும்பிடவில்லை. பயந்துபோய்க் கடவுளைக் கூப்பிடுகிறான்.

செப்பெலின் ரசிகன்: 1969-லேயே லெட் செப்பெலின் வந்தாச்சே! சாபத்தை முதல் என்பது அநியாயம்.

பழைய கேசட்: அப்படிப் பார்த்தால் 1968-லேயே புளூ சியர் இருக்கிறது. அதற்கும் முன்னால் 1964-இல் கிங்க்ஸ்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கிங்க்ஸ் குழுவின் கிதாரிஸ்ட் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறி அந்தக் கரகரப்பை வரவழைத்தார். ஒலி அங்கே இருக்கிறது, கனம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் புளூ சியர் ஒரு பழைய ராக் அண்ட் ரோல் பாட்டை எடுத்துப் பயங்கரச் சத்தத்தில் வாசித்தது. கனம் உண்டு, ஆனால் எலும்புக்கூடு பழையது. செப்பெலினின் முதல் ஆல்பத்தைத் தள்ளிவைத்துப் பேசவே முடியாது. ஆனாலும் அதில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸ் இருக்கிறது, நாட்டுப்புறம் இருக்கிறது, மின்சாரம் இல்லாத கிதார் இருக்கிறது. சாபத் அந்த ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்தது. முன்னோடி வேறு, தொடக்கம் வேறு.

செப்பெலின் ரசிகன்: சாபத்தின் முதல் ஆல்பத்திலும் புளூஸ் இருக்கிறதே? மவுத் ஆர்கன்கூட வருகிறது.

நியாயமான கேள்வி. இருக்கிறது. புளூஸை ஏறக்குறைய முழுசாகத் துடைத்தெடுத்தது அதே ஊர்ப்பக்கத்து ஜூடாஸ் பிரீஸ்ட். இரட்டை கிதார், ராப் ஹால்ஃபோர்டின் உச்சக் குரல், தோல் உடை எல்லாம் அவர்கள் வழியாக மெட்டலின் அடையாளமாயின. 1980-இல் வந்த ஆல்பத்துக்கு ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ என்றே பெயர். ஆனால் அவர்கள் கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரம் ஐயோமியுடையது.

புதுவரவு: வால்யூம் எவ்வளவு வைத்தால் மெட்டல் ஆகும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கல்லூரிப் பேண்ட்: ஐயாயிரம் ரூபாய்க்குள் நல்ல டிஸ்டார்ஷன் பெடல் எது அண்ணே?

அதை மேடையில் வாசிக்கிறவர்களிடம் கேளுங்கள் தம்பி. ஒத்திகைக்குக் காதடைப்பான் வாங்கவும் காசு ஒதுக்கிவையுங்கள். போன செவி திரும்பாது.

தூத்துக்குடி: ஹார்ட் ராக், மெட்டல், ரெண்டும் ஒன்றுதானே? சத்தம்தானே வித்தியாசம்?

சத்தம் இல்லை! மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். ஹார்ட் ராக்கில் ஆட வைக்கிற புளூஸ் துள்ளல் இருக்கும். மெட்டலில் அது இறுகிவிடும்.

செப்பெலின் ரசிகன்: கடைசியாக ஒன்று. ஏன் பர்மிங்காம்?

சுற்றிலும் உலைகளும் வார்ப்பாலைகளும். அந்தச் சம்மட்டிச் சத்தத்தில் வளர்ந்ததை ஹால்ஃபோர்டே பேசியிருக்கிறார். உங்கள் செப்பெலின் பாடகர் ராபர்ட் பிளான்ட் பிறந்த வெஸ்ட் பிராம்விச்சும் பக்கத்து ஊர்தான். ஜூடாஸ் பிரீஸ்ட் கிளம்பியதும் அங்கிருந்தே.