தாத்தாவின் பதக்கமும் பத்து மாதம் கழித்து வந்த சந்தேகமும்

கேள்வி: சேர், நான் டோர்ட்முண்டில் வசிக்கிறேன். முதலாம் உலகப் போர்க்காலத்து ஜேர்மன் பதக்கங்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. பத்து மாதங்களுக்கு முன், ஒரு யூரோவில் தொடங்கிய இணைய ஏலத்தில், 1914ஆம் ஆண்டின் இரண்டாம் தர இரும்புச் சிலுவை ஒன்றையும் பிரஷ்ய விமானிச் சின்னம் ஒன்றையும் சேர்த்து 1,850 யூரோவுக்கு எடுத்தேன். “என் தாத்தாவின் உடைமை, நூறு வீதம் அசல்” என்று எழுதியிருந்தது. அடியில் “தனியார் விற்பனை, உத்தரவாதம் இல்லை, திருப்பி எடுக்கமாட்டேன்” என்றும் இருந்தது. அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் பார்த்துவிட்டு, சிலுவை சரி, விமானிச் சின்னம் வார்ப்புப் போலி என்கிறார். விற்றவரிடம் கேட்டால், “ஒரு யூரோ ஏலத்தில் வேறென்ன எதிர்பார்த்தாய்? நீயும் சேகரிப்பாளன்தானே?” என்கிறார். பொதியில் “அன்பளிப்பு” என்று 1939 சிலுவை ஒன்றும் வைத்திருந்தார், அதில் ஸ்வஸ்திகா இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? இல்லையென்றால் நானும் இதே மாதிரி விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. அவர் செய்தது மோசடியா இல்லையா என்று இனித்தான் பார்க்க வேண்டும். போலி என்று தெரிந்துகொண்டே அசல் என்று நீங்கள் விற்றால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. விற்கத்தான் வேண்டுமென்றால் தலைப்பிலேயே “பிரதி” என்று எழுதி விற்கலாம். ஆனால் வழக்கு முடியும்வரை அதையும் செய்யாதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்பவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கூடியவராக இருக்க வேண்டும்.

இனி அவசரமான விஷயம். அந்த மனிதரின் பழைய விற்பனைகளையும் அவருக்குக் கிடைத்த மதிப்பீடுகளையும் இன்றைக்கே திறந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் திகதியோடு படம்பிடித்துச் சேமியுங்கள். ஒரு தாத்தாவுக்கு எத்தனை விமானிச் சின்னம் இருக்க முடியும்? ஒரே வகைச் சின்னத்தை மூன்று நான்கு தடவை விற்றிருக்கிறார், மாதாமாதம் டசின் கணக்கில் பதக்கம் போடுகிறார் என்றால், “தனியார்” என்று அவர் தன்னைச் சொல்லிக்கொள்வது நீதிமன்றத்தில் எடுபடாது. சட்டத்தின் கண்ணில் அவர் வியாபாரி. அதைக் காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது என்பதால்தான் அந்தப் பக்கங்கள் மறையுமுன் சேமிக்கச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முப்பது வருடம் சேர்த்ததை வயதான காலத்தில் ஒருவர் ஒன்றொன்றாக விற்றால், எண்ணிக்கை அதிகம் என்பதற்காக மட்டும் அவர் வியாபாரி ஆகிவிடமாட்டார்.

வியாபாரி என்று காட்ட முடிந்தால் போலியா அசலா என்ற வாதமே உங்களுக்குத் தேவையில்லை. இணையத்தில் வியாபாரியிடம் வாங்கியவர், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தைக் கைவிடலாம். இந்த உரிமையைப் பற்றி வியாபாரி முறைப்படி அறிவிக்கவில்லை என்றால், அந்த 14 நாளோடு மேலும் 12 மாதம் சேரும். தனியார் வேடம் போட்டவர் எங்கே அறிவித்திருக்கப் போகிறார்? உங்களுக்குப் பத்து மாதம்தான் ஓடியிருக்கிறது. ஆக இன்னும் இரண்டு மாதமும் சில நாட்களும் கையில் உண்டு. “ஏலத்தில் வாங்கியதற்கு இந்த உரிமை கிடையாதே” என்று அவர் சொல்லக்கூடும். நேரில் போய் அமரக்கூடிய பகிரங்க ஏலத்துக்குத்தான் அந்த விலக்கு. இணைய ஏலத்துக்கு அது பொருந்தாது என்று ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2004 நவம்பரிலேயே சொல்லிவிட்டது.

அவர் உண்மையிலேயே தனியார் ஆள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கதை முடியவில்லை. “உத்தரவாதம் இல்லை” என்ற வரியைக் கண்டதும் நம்மவர்கள் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அவர் விளம்பரத்தில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. ஒன்று “நூறு வீதம் அசல்”, மற்றது “உத்தரவாதம் இல்லை”. பொருள் எப்படிப்பட்டது என்று தானே எழுதிக்கொடுத்ததை, அடுத்த வரியில் ஒரு பொது மறுப்புப் போட்டு விழுங்க முடியாது. 2006 நவம்பரில், தனியார் ஒருவர் இணைய ஏலத்தில் விற்ற மோட்டார்சைக்கிள் ஓடிய கிலோமீட்டர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆகவே உங்கள் கடிதத்தில் உலோகத்தைப் பற்றிப் பத்து வரி எழுதாதீர்கள். “அசல்” என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தமே அதுதான்.

ஒரு யூரோ வாதத்துக்கும் பதில் உண்டு. ஒரு யூரோவில் தொடங்கிய ஏலத்தில் வெர்ட்டு என்ற ஆடம்பரக் கைபேசி ஒன்றை 782 யூரோவுக்கு எடுத்த ஒருவர், அது போலி என்று வழக்குப் போட்டார். தொடக்க விலை குறைவு என்பதால் அசலை எதிர்பார்க்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 2012 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏலத்தில் தொடக்க விலை பொருளின் பெறுமதியைக் காட்டாது, ஏலம் எங்கே போய் நிற்கும் என்று தொடங்கும்போது யாருக்கும் தெரியாது என்றது. “நீயும் சேகரிப்பாளன்தானே” என்பதும் பலவீனமான வாதம். வாங்கும் நேரத்தில் உங்களிடம் இருந்தவை அவர் எடுத்த படங்கள் மட்டும்.

ஆனால் இந்தத் தனியார் வழியில் போலி என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான். வியாபாரியிடம் வாங்கினால் முதல் ஒரு வருடம் நிரூபிக்கும் பாரம் மாறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த விதி குறை எப்போது வந்தது என்ற கேள்விக்குத்தான் உதவும், குறை இருக்கிறதா என்ற கேள்விக்கு உதவாது. போலி பிறக்கும்போதே போலி.

சரி, எப்படிக் காட்டுவது? விமானிச் சின்னம் 1913 ஜனவரி 27 அன்று கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஏற்படுத்தியது. இலை வளையத்துக்குள் நிலப்பரப்பின் மேல் பறக்கும் டௌபே என்ற அக்கால விமானம், மேலே கிரீடம். அசல் அச்சில் அழுத்தி அடிக்கப்பட்டது, போலிகளில் பெரும்பகுதி அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தது. பத்து மடங்கு பூதக்கண்ணாடியின் கீழ் சிறகின் தட்டையான பகுதியைப் பாருங்கள். ஊசி குத்தியது போல நுண்துளைகள் இருக்கும். கீழேயுள்ள வயல் கோடுகள் சூட்டில் உருகிய வெண்ணெய் போல முனை மழுங்கிக் கிடக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்த்தது அசலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும், நவீன அளவுகோல் வைத்து அளந்தால் தெரியும். பின்புறம் ஊசி பற்றவைத்த இடத்தில் புது ஈயம் பளபளக்கிறதா, ஓரத்தில் அரம் போட்ட தடம் ஒரே திசையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

புற ஊதா விளக்கைப் பலரும் பெரிதாகச் சொல்வார்கள். துணியையும் கடதாசியையும் வெண்மையாக்கும் இரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது. அதனால் நாடா நீலமாக மின்னினால் சந்தேகம் வரும். ஆனால் நூறு வருடத்து நாடாவை யாரோ ஒருவர் இன்றைய சலவைத்தூளில் தோய்த்திருந்தாலும் அது மின்னத்தான் செய்யும். காந்தமும் அப்படித்தான். 1914 சிலுவை வெள்ளிச் சட்டத்துக்குள் கறுப்பு இரும்பு வைத்து மூன்று பாகமாகச் செய்தது, காந்தம் பிடிக்கும். நல்ல போலிக்காரனும் இரும்பைத்தான் வைக்கிறான்.

உங்கள் சிலுவை அசலாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. முதலாம் உலகப் போரில் இரண்டாம் தரம் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. அசலே மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவான அசலைப் பக்கத்தில் வைத்து விலைகூடிய போலியை நம்ப வைப்பது பழைய வித்தை. சட்டப்படி இது உங்களுக்குப் பாதகமில்லை. இரண்டும் ஒரே விலைக்கு ஒரே தொகுப்பாக வந்தவை, சின்னம் இல்லாமல் நீங்கள் வாங்கியே இருக்கமாட்டீர்கள். முழுத் தொகுப்பையும் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து: துடைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர், வழக்குக்கு எடுத்துப் போகிற பொருள் அழகாக இருக்கட்டும் என்று வீட்டில் விபூதி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி மினுக்கிக் கொண்டுவந்தார். நூறு வருடத்துக் கறுப்பு போய்விட்டது. அது அசலாக இருந்திருந்தால் பாதி விலையும் போயிருக்கும், போலியென்றால் சான்று போயிருக்கும். நகைக்கடையில் அமிலம் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

அந்தச் சேகரிப்பாளர் சொன்னது தொடங்குவதற்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. தொழில் வர்த்தகச் சபையின் பட்டியலில் உள்ள, சத்தியப்பிரமாணம் செய்த நிபுணர் ஒருவரைப் பிடியுங்கள். கட்டணத்தை முதலில் கேளுங்கள். 1,850 யூரோவுக்காக 700 யூரோ அறிக்கை எடுக்காமல், ஒரு பக்கக் குறிப்பு தருவாரா என்று விசாரியுங்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் எப்படியும் தன் நிபுணரைத்தான் நியமிக்கும்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். இரண்டு வழியையும் ஒரே கடிதத்தில் வையுங்கள்: “ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன். அது ஏற்கப்படாவிட்டால், பொருள் விவரித்தபடி அசல் அல்ல என்பதால் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன். 14 நாளுக்குள், பொருளைப் பெற்றுக்கொண்டு 1,850 யூரோவைத் திருப்பித் தரவும்.” “மோசடிக்காரன்” என்ற சொல்லைக் கடிதத்திலோ மதிப்பீட்டுப் பக்கத்திலோ எழுதாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாவிட்டால் அது மூடப்படும், பணத்தையும் பொலிஸ் வாங்கித் தராது.

பதில் வராவிட்டால் நீதிமன்ற அறவீட்டு அறிவித்தல், இங்கே மான்பெஷைட் என்கிறோமே, அதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். டோர்ட்முண்டில் இருக்கும் உங்களுக்கு அது ஹாகன் நீதிமன்றம். அறிவித்தல் கிடைத்து இரண்டு வாரத்துக்குள் அவர் மறுத்தால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். இந்தத் தொகைக்குச் சட்டத்தரணி கட்டாயமில்லை. வருமானம் குறைவென்றால் உங்கள் பகுதி நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சீட்டு எடுங்கள், சட்டத்தரணிக்கு நீங்கள் கொடுக்கவேண்டியது 15 யூரோதான். குறைபாட்டுக்கான கோரிக்கை தனியார் விற்பனையில் பொதுவாக இரண்டு வருடத்தில் காலாவதியாகும். அந்தப் பக்கம் நேரம் இருக்கிறது. ஒப்பந்தத்தைக் கைவிடும் உரிமைக்குத்தான் நேரம் இல்லை.

அந்த “அன்பளிப்பு” 1939 சிலுவை. வீட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பது குற்றமல்ல. அதைப் பகிரங்கமாகக் காட்டுவது, பரப்புவது, விற்பதற்காக வைத்திருப்பது, அதற்காக நாட்டுக்குள் கொண்டுவருவது அல்லது வெளியே அனுப்புவது எல்லாம் குற்றவியல் சட்டம் 86அ பிரிவுக்குள் வரும். மூன்று வருடம்வரை சிறை அல்லது தண்டம். வரலாற்று ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் போட்டுவிட்டு அந்த விலக்கைக் கேட்க முடியாது. 1957 சட்டம் நாஜிக் காலத்துப் பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாமல் அணியத்தான் அனுமதித்தது. அதனால்தான் அந்த ஆண்டு வடிவத்தில் நடுவில் ஓக் இலை இருக்கிறது. மற்ற இரண்டையும் திருப்பி அனுப்பும்போது இதையும் அதே பெட்டியில், மூடிய உறையில் போட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி, ஒட்டுமுன் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஆனால் பணம் வரும்வரை அல்லது நீதிமன்றம் சொல்லும்வரை, அவர் “முதலில் அனுப்பு, பார்க்கிறேன்” என்றால் அனுப்பாதீர்கள். வியாபாரி வழியில் மட்டும் விதி வேறு. அங்கே கடிதம் போட்டு 14 நாளுக்குள் நீங்கள் பொதியை அனுப்பியாக வேண்டும், அது எங்கே போகிறது என்று பார்க்கக்கூடிய தபால் இலக்கத்தோடு.