கியர் லீவர் சும்மா ஆடுகிறதா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் மிச்சிகனில் வேலை பார்க்கிறேன். காலேஜ் நாளிலிருந்தே ஆசை, போன வருஷம்தான் ஒரு பழைய 2002 ஃபோர்டு மஸ்டாங் வாங்கினேன். வி6 எஞ்சின், ஆட்டோமேட்டிக். போன வாரம் மளிகைக் கடை வாசலில் நிறுத்தியிருந்தேன். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டால் லீவர் எந்தப் பிடிப்பும் இல்லாமல் லொடலொடவென்று போகிறது, வண்டி அசையவே இல்லை. டிரைவ் போட்டாலும் அப்படியே. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. டோ வண்டிக்காரர் பின் சக்கரம் உருளாமல் தரதரவென்று இழுத்துத்தான் மேலே ஏற்றினார். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கி ரீபில்ட் செய்ய 3,200 டாலர்" என்கிறார்கள். கார் வாங்கிய விலையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அந்தப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பின் சக்கரம் உருளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரி போதும் எனக்கு. ஹேண்ட்பிரேக் போடாத காரில் பின் சக்கரம் பூட்டிக் கிடக்கிறது என்றால் கியர்பாக்ஸ் பார்க்கில் நிற்கிறது என்று அர்த்தம். லீவரை நீங்கள் ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் கொண்டு போனீர்கள், ஆனால் அந்தச் செய்தி கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரவே இல்லை. கடை வாசலில் நிறுத்தியபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் இன்னும் இருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அதனால்தான், பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும்தானே ஸ்டார்ட் ஆகும்.

உங்கள் காரில் இருப்பது 4ஆர்70டபிள்யூ என்ற நான்கு வேக ஆட்டோமேட்டிக். சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு கேபிள்தான் தொடர்பு. சைக்கிள் பிரேக் வயர் மாதிரி உறைக்குள் ஓடும் கம்பி, ஆனால் அது இழுக்க மட்டும்தான் செய்யும், இது தள்ளவும் வேண்டும், அதனால் கம்பி கனமாக இருக்கும், உறையை இரண்டு பக்கமும் பிராக்கெட்டில் இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பார்கள். கியர்பாக்ஸின் இடது பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு குமிழ். கேபிள் முனையில் இருக்கும் வளையம் அந்தக் குமிழில் 'டக்' என்று உட்கார வேண்டும். வளையத்துக்குள் குமிழைக் கவ்விப் பிடிக்க மெத்தை மாதிரி ஒரு சின்ன உறை இருக்கும், அதுதான் புஷ், விரல் நுனி அளவு. இருபது வருஷத்துக்கு மேல் எக்ஸாஸ்ட் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து, மிச்சிகன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்புத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, ஒரு நாள் அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். வளையம் குமிழை விட்டுக் கழன்று விழும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

கார் அடியில் போவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ரிவர்ஸில் வையுங்கள். பின்னால் ஒருவரை நிறுத்தி ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். இந்தக் காரில் அந்த லைட்டுக்கு உத்தரவு கொடுப்பது லீவர் அல்ல, கியர்பாக்ஸ் மேலேயே இருக்கும் சென்ஸார். பல்ப் நன்றாக இருந்தும் லைட் எரியவில்லை என்றால் கியர்பாக்ஸில் இருக்கும் கை நகரவில்லை, அவ்வளவுதான். லைட் எரிகிறது, ஆனாலும் வண்டி நகரவில்லை என்றால்தான் ஆயில் குறைவா, உள்ளே கிளட்ச் தேய்ந்ததா என்று யோசிக்க வேண்டும்.

இனிமேல் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். இந்தப் பழுது உள்ள காரில் லீவர் காட்டுகிற எதையும் நம்பக் கூடாது. லீவர் பார்க்கில் இருக்கும், சாவிகூடக் கையோடு வந்துவிடும், ஆனால் கியர்பாக்ஸ் நியூட்ரலில் நிற்கலாம். இன்னொன்று, கியர்பாக்ஸ் உண்மையிலேயே பார்க்கில் இருந்தாலும் உங்கள் கார் பின் சக்கரத்தில் ஓடுவது. பார்க் பூட்டுவது கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் சுழற்சியைக் கொண்டு போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை, சக்கரத்தை அல்ல. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். பார்க்கில் போட்டுவிட்டோமே என்று நம்பி அடியில் படுத்தவர் மேல் கார் நகர்ந்துவிடும். இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கினால் ஹேண்ட்பிரேக்கும் பிரயோஜனமில்லை, அது பிடிப்பதும் பின் சக்கரங்களைத்தான். ஆகவே சமமான கான்கிரீட் தரை, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். மஸ்டாங் தாழ்வான கார், ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் நுழைய இடமே கிடைக்காது, அந்த அவசரத்தில்தான் ஆட்கள் செங்கல்லை அடுக்குகிறார்கள். செங்கல் வேண்டவே வேண்டாம், தம்பி. எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே ஓடுகிறது, எஞ்சினை நிறுத்தி முழுக்க ஆறிய பிறகு போங்கள். இதற்கெல்லாம் வசதி இல்லை என்றால் லிஃப்ட் உள்ள வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போய், "ஷிஃப்ட் கேபிள் முனையை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். லிஃப்டில் ஏற்றிவிட்டால் பார்க்க ஐந்து நிமிஷம்.

அடியில் போனதும் இடது பக்கத்தில் அந்தக் கையைத் தேடுங்கள். வளையம் கழன்று தொங்கினால் கையால் அந்தக் கையை நகர்த்திப் பாருங்கள், ஒவ்வொரு நிலைக்கும் தெளிவாக ஒரு 'கிளிக்' உணர்வீர்கள். அது நன்றாக நகர்கிறது என்றால் மனசு நிம்மதியாகிவிடும், கெட்டது கியர்பாக்ஸுக்கு வெளியில்தான். அப்புறம் கேபிளையே கவனமாகப் பாருங்கள். உள்ளே கம்பி வழுக்கிக்கொண்டு போய்வருகிறது, உறை எங்கும் உருகவில்லை, பிராக்கெட் உடையவில்லை என்றால் புஷ் மட்டும் போதும். பழைய வளையத்துக்குள் அழுத்திப் பொருத்துகிற மாதிரி தனிப் புஷ் கிடைக்கிறது, விலை ரொம்பக் குறைவு. கம்பி துருப்பிடித்துத் திக்கினாலோ, உறை எக்ஸாஸ்டில் பட்டு உருகியிருந்தாலோ புஷ் போட்டுப் பணத்தையும் நேரத்தையும் வீணாக்காதீர்கள், முழுக் கேபிளையும் மாற்றுங்கள். அதற்கு உள்ளே கன்சோலைக் கழற்ற வேண்டும், ஒரு சனிக்கிழமை போகும். கட்டுக்கம்பியாலோ ஜிப் டையாலோ கட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு வந்து சேர மட்டும் என்றால் சரி. அதே கட்டோடு மாதக்கணக்கில் ஹைவேயில் போவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இப்போது வேலையிலேயே முக்கியமான பகுதி, பலர் விட்டுவிடுவது: கேபிளின் நீளத்தைச் சரிபார்ப்பது. அந்த இரும்புக் கை கியர்பாக்ஸுக்குள் ஒரு வால்வை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, எந்தக் கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தம் போக வேண்டும் என்று முடிவு செய்வது அந்த வால்வுதான். லீவர் டிரைவில் இருக்கிறது, வால்வு டிரைவுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது என்று வையுங்கள். எண்ணெய் வழி முழுதாகத் திறக்காது, அழுத்தம் குறையும், கிளட்ச் இறுக்கமாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே ஓடும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஆயில் கருகும், கிளட்ச் எரியும், அப்போது நிஜமாகவே கியர்பாக்ஸை இறக்க வேண்டி வரும். சின்னப் புஷ்ஷைச் சரியாகப் போட்டும் அளவு தவறியதால் நல்ல கியர்பாக்ஸைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ரொம்ப வருத்தமாக இருக்கும்.

செய்வது கடினமில்லை. உள்ளே லீவரை டிரைவில் வைத்து, அசையாமல் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கீழே கியர்பாக்ஸ் கையைப் பார்க் இருக்கும் கோடி வரை தள்ளுங்கள். எது பார்க் கோடி என்று சந்தேகம் வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள், கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிடும். அங்கிருந்து எண்ணுங்கள்: பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், நான்காவது டிரைவ். இப்போது வளையம் குமிழுக்கு நேராக, இழுக்காமல் தள்ளாமல் தானாக வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கேபிளில் நீளத்தைப் பூட்டும் இடத்தைத் தளர்த்தி, வளையத்தை மாட்டி, மறுபடி பூட்டுங்கள். பூட்டும் இடம் மாடலுக்கு மாடல் வேறு மாதிரி இருக்கும், உங்கள் வருஷத்துக்கான சர்வீஸ் மேனுவலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் உடனே ரோட்டுக்கு ஓடாதீர்கள். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள், பார்க்கிலும் நியூட்ரலிலும் தவிர வேறெங்கும் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது. ரிவர்ஸ் லைட் ரிவர்ஸில் மட்டும் எரிய வேண்டும். பிறகு லேசான சரிவில் காலைப் பிரேக் மேல் தயாராக வைத்துக்கொண்டு, பார்க் வண்டியைப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

இது பழைய கார்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2018இல் ஃபோர்டு, 10 வேக ஆட்டோமேட்டிக் போட்ட அந்த வருஷத்து எஃப்-150, எக்ஸ்பெடிஷன் வண்டிகளோடு மஸ்டாங்கையும் திரும்ப அழைத்தது. ஷிஃப்ட் கேபிளைக் கியர்பாக்ஸோடு பூட்டும் கிளிப் முழுதாக உட்காராமல் இருக்கலாம் என்பதே காரணம். 2022 ஜூனில் எஸ்கேப், ஃப்யூஷன், எட்ஜ் என்று ஏறத்தாழ 29 லட்சம் வண்டிகளை அழைத்தார்கள், அது நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே புஷ்ஷுக்காக. சூடும் ஈரமும் சேர்ந்து புஷ் சிதைகிறது என்று கண்டு, புதுப் புஷ் போட்டு மேலே ஒரு மூடியும் மாட்டிக் கொடுத்தார்கள். உங்கள் 2002 வண்டி அந்தப் பட்டியல்களில் இல்லை, செலவு உங்களுடையதுதான். ஆனால் 3,200 டாலர் கேட்டவரிடம் இதைக் காட்டுங்கள், கம்பெனியே இதற்குக் கியர்பாக்ஸை மாற்றவில்லை.

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறேன், சார். ஆட்டோமேட்டிக் கார். பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் லீவர் பார்க்கை விட்டு வர மறுக்கிறது. கேபிள் இறுகிவிட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. முதலில் பிரேக்கை மிதித்து, பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பிரேக் மிதிக்காமல் பார்க்கிலிருந்து எடுக்க முடியாதபடி லீவரில் ஒரு மின்பூட்டு இருக்கிறது, பல கார்களில் பிரேக் லைட்டுக்கான ஸ்விட்ச்தான் அதற்கும் செய்தி அனுப்புகிறது. லைட் எரியவில்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள், அடுத்து பெடல் மேலே இருக்கும் அந்த ஸ்விட்ச். அவசரத்துக்கு, லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் பூட்டு விடும், எங்கே என்று ஓனர் மேனுவலில் போட்டிருப்பார்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்ட பிறகு மட்டும் அதைச் செய்யுங்கள். பிரேக் லைட் எரியாத காரை அப்படியே எடுத்துக்கொண்டு ஷேக் ஸாயித் ரோட்டில் போகாதீர்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிறுத்துவது தெரியாது. முழங்கால் பலத்தில் லீவரை இழுக்கவும் வேண்டாம், நல்ல கேபிளும் பிய்ந்துவிடும்.

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது ஏஎம்டி கார், அதாவது மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்சும் கியரும் தானாக மாறும் வகை. சில நாள் காலையில் நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போக மறுக்கிறது. மெக்கானிக் கேபிள் மாற்ற வேண்டும் என்கிறார். உண்மையா?

பதில்: எந்தக் கேபிள் என்று அவரிடமே கேளுங்கள். 2014இல் மாருதி செலேரியோவோடு நம் ஊருக்கு வந்த ஏஎம்டியில் லீவர் என்பது ஒரு ஸ்விட்ச்தான், வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கிளட்சையும் கியரையும் நகர்த்துவது மோட்டார் பம்ப் கொடுக்கும் ஆயில் அழுத்தம். காலையில் மட்டும் தொல்லை என்றால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள், பிறகு பிரேக் ஸ்விட்ச், ஏஎம்டி ஆயில் அளவு. அதற்கப்புறமும் தொல்லை நிற்கவில்லை என்றால் ஸ்கேனர் போட்டு என்ன கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு பாகம் மாற்றுவது பற்றிப் பேசுங்கள்.