பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். என் அம்மா போன வருடம் காலமானார். அவருடைய அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒரு பழைய செபப் புத்தகம் கிடைத்தது. மட்டை கழன்றுபோய் நூலால் கட்டியிருக்கிறது. முன்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று நாள்கணக்குகள் உள்ளன. நத்தார், பாஸ்கு, வேஸ்பர் என்றும் எழுதியிருக்கிறார். இவற்றின் பொருள் என்ன? நன்மை எடுக்கும் (நற்கருணை வாங்கும்) நாளில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று அம்மா சொல்லுவார். அது உண்மையா?

என் மகன் அடுத்த வருடம் முதல் நன்மை எடுக்கப் போகிறான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் எல்லாம் இலத்தீனில்தான் நடந்தது, சனங்கள் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவனுடைய மறைக்கல்வி வகுப்பில் சொன்னார்களாம். அம்மாவும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இந்தச் செபங்களைக் கிளிப்பிள்ளை போலத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் கோயிலில் எல்லாரும் ஒரே குடும்பம் போல இருந்தார்கள் என்று அடிக்கடி சொல்லுவார். இந்தப் பழைய செபங்களை மகனுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? குழம்பிவிடுவானா?

ஒரு வாசகி

*

அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆன்மா சமாதானத்தில் இளைப்பாறட்டும். உங்கள் கடிதம் பெரிய வெள்ளி கழிந்த கிழமையில் வந்தது. அந்த நாட்களில் என் ஆச்சியின் நினைவு என்னை விடாது. அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்குப் பதில் எழுத இருந்தேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்குவது. நத்தார் கிறிஸ்மஸ், பாஸ்கு உயிர்ப்புப் பெருநாள், வேஸ்பர் திருநாளுக்கு முதல்நாள் மாலை ஆராதனை. எல்லாம் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து எங்கள் வாயில் கிடக்கிற சொற்கள். தண்ணீர் விஷயம் உண்மைதான். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மிடறு உள்ளே போனாலும் அன்றைக்கு நன்மை இல்லை. 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பாப்பரசர் தண்ணீருக்கு விலக்குக் கொடுத்தார். என்னுடைய முதல் நன்மை அதற்கு முந்தியது. அன்று விடியப்புறம் கிணற்றடியில் முகம் கழுவிவிடும்போது, “வாயை இறுக்கிப் பொத்து, ஒரு சொட்டும் உள்ள போகக்கூடாது” என்று அம்மா என் தாடையைப் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

சரி. இனி அந்தக் கிளிப்பிள்ளைக்கு வருகிறேன்.

அந்தச் சொல்லை எழுதுமுன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், பிள்ளை. பெற்ற தாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்பதால் அவர் சொன்னது அவருக்கே விளங்கவில்லை என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? வகுப்பில் மகனுக்குச் சொன்ன ஒரு வரியைக் கொண்டு, அம்மா அறுபது எழுபது வருடம் முழங்காலில் நின்று சொன்னதை அளந்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. உங்கள்மேல் மட்டும் அல்ல. இதே வரியை இங்கே யாழ்ப்பாணத்திலும், படித்தவர்கள் வாயிலிருந்து நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பலிபீடத்தில் இலத்தீன் இருந்தது. யார் இல்லையென்றது? நானே பூசைக்கு உதவி செய்த பொடியன். சுவாமியார் எங்கள் பக்கம் திரும்பி ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ என்றால், ‘எத் கும் ஸ்பீரித்து துவோ’ என்று ஒரே மூச்சில் சொல்லுவோம். பொருள் கேட்டிருந்தால் முழித்திருப்போம். ஆக, விளங்காமல் நின்றது, பீடத்தை அடைத்த கிராதிக்கு உள்ளே நின்ற நான். கிராதிக்கு வெளியே, பனையோலைப் பாயில் இருந்த ஆச்சி அல்ல. சுவாமியார் பீடத்தில் தன்பாட்டில் பூசை வைத்துக்கொண்டிருக்க, கீழே மூப்பர் செபமாலையைத் தொடங்குவார். ஆண்பகுதி முன்பாதி சொல்லும், பெண்பகுதி பின்பாதி சொல்லும். அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்குச் சிறுமணி அடித்தால் எல்லாம் அடங்கும், தலைகள் குனியும். மணி ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து அந்தத் தமிழ் மறுபடி எழும். ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே’ என்று நூறு நூற்றைம்பது குரல். இதுவா பார்த்துக்கொண்டிருப்பது?

பிரியதத்தம் சுத்தத் தமிழ் இல்லை, பரிசுத்த ஆவியைச் சொல்லும் இஸ்பிரீத்துசாந்து போர்த்துக்கேயச் சொல் என்று சொல்லுவார்கள். ஆமாம். இப்போதைய ‘அருள் நிறைந்த மரியே’ நல்ல தமிழ்தான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பழைய செபம் எங்கள் சனங்களை எங்கிருந்து எதுவரை தூக்கிவந்தது என்று கொஞ்சம் பாருங்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வேதம் தடை, சுவாமிமாருக்கு இடமில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் முனிவர் ஏழைக் கோலத்தில் வந்து இறங்கும்வரை ஏறத்தாழ முப்பது வருடம் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அவர் யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் தங்கினார். அங்கே வேதத்தை விடாத சனங்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். முப்பது வருடம் என்றால் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, தானும் பிள்ளை பெறுகிற காலம். அந்தப் பிள்ளைக்கு வேதத்தைக் கொடுத்தது யார்? இலத்தீன் படித்த ஒருவரும் இல்லை. விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குள் தணிந்த குரலில் தாய் சொன்ன தமிழ்ச் செபம்தான் கொடுத்தது. யோசேவாஸை 2015இல் புனிதராக்கினார்கள், மகிழ்ச்சி. அவர் வரும்வரை நெருப்பை ஊதிக்கொண்டிருந்த பெண்களுக்குப் பெயரே இல்லை. உங்கள் அம்மா அந்த வரிசையில் வந்தவர்.

1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, அவரும் கோவாக்காரர், தமிழைப் படித்துத் தமிழில் எழுதினார். கிறிஸ்துநாதரின் பாடுகளைச் சொல்லும், அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசுகாலத்தில் ராகம் இழுத்து வாசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆச்சியிடம் அதன் கைப்பிரதி ஒன்று இருந்தது. யாரோ நீலமையால் எழுதிக்கொடுத்த தடித்த கொப்பி. பின்பக்கங்களில் மாதாவின் ஒப்பாரி.

அப்போதெல்லாம் பெரிய வெள்ளி ஆராதனை காலையிலேயே முடிந்துவிடும். பின்னேரம் முழுவதும் சனங்களுடையது. மற்றச் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருக்கும். வியாகுலமாதா மட்டும் முன்னுக்கு நிற்பார். முதல்நாளே கோயில் மணி ஓய்ந்துவிட்டதால் மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். கடற்கரையில் வள்ளங்கள் ஏற்றிக் கிடக்கும். வெள்ளைச் சேலைத் தலைப்பை முக்காடிட்டு ஆச்சி சப்பாணி கட்டி இருப்பார். பக்கத்தில் ஒன்பது வயதில் நான். கொப்பியைப் பிடிப்பதும் பக்கம் பிரட்டுவதும் என் வேலை. ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் எந்தச் சொல்லில் முடிகிறதென்று தெரியும். அந்தச் சொல்லுக்கு ஒரு வரி இருக்கும்போதே முழங்கையால் என் தொடையில் ஒரு இடி விழும். அதுதான் பிரட்டச் சொல்லும் அடையாளம்.

ஒரு வருடம் ஒப்பாரிப் பகுதியில் இரண்டு தாள் சேர்ந்து ஒட்டியிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் பிரட்டிவிட்டேன். கண்ணுக்கு முன்னால் சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்துகிற இடம் இருக்கிறது. ஆச்சியின் வாயிலோ அதற்கு முந்திய இடம். கொப்பியில் மறைந்துபோன இரண்டு பக்கங்களையும் ஒரு சொல் விடாமல் பாடினார். நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பாடி வந்து, நான் திறந்துவைத்திருந்த பக்கத்தின் முதல் சொல்லில் சேர்ந்துகொண்டார். பின்னால் இருந்த பெண்கள் நெஞ்சில் கைவைத்து விம்மிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்த வருடம் கடலுக்கு மகனைக் கொடுத்தவர்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஆச்சி சொன்னது இவ்வளவுதான்: “விரலை நனைச்சுப் பிரட்ட வேணுமடா.”

இப்போது சொல்லுங்கள், அது கிளிப்பிள்ளையா?

ஒரே குடும்பம் என்று அம்மா சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மாவின் மனதில் அப்படி இருந்திருக்கலாம். அதை மகனுக்குச் சரித்திரமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். எங்கள் கோயிலில் ஆண்பகுதி, பெண்பகுதி என்பதைவிட ஆழமான ஒரு கோடு இருந்தது. யார் எந்தத் தூண்வரை வரலாம், சுரூபம் வைத்த கூடு சுற்றும்போது யார் தோள் கொடுக்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசித் தூணுக்குப் பின்னால் இருந்து அழுத பெண்களும் அதே மாதாவுக்காகத்தான் அழுதார்கள். பெரிய வெள்ளி பின்னேரம்கூட அவர்கள் முன்னுக்கு வரவில்லை, முன்னுக்கிருந்த நாங்கள் கூப்பிடவும் இல்லை. என் ஆச்சியும் கூப்பிடவில்லை. ஆச்சியை எவ்வளவு நேசித்தாலும் இதை நான் மறைக்க மாட்டேன்.

மாற்றங்களுக்கு வருகிறேன். சங்கம் 1962இல் தொடங்கி 1965இல் முடிந்தது. ஆனால் பெரிய வெள்ளி பின்னேரம் எங்கள் கையைவிட்டுப் போனது அதற்கு முன்பே. 1956இலிருந்து ஆராதனையைக் காலையிலிருந்து பின்னேரத்துக்கு மாற்றினார்கள். கிறிஸ்துநாதர் மரித்த நேரம் அது, மாற்றியதில் நியாயம் இருக்கிறது. அதுவரை சனி காலையில் அடித்த அல்லேலூயா மணியும் இரவுக்குப் போனது, அதுவும் நியாயம்தான். பிரசங்கமோ இரவுக்குத் தள்ளப்பட்டது, பிறகு சுருங்கியது. பூசை தமிழுக்கு வந்தபோது நான் கண் கலங்கி நின்றவன். எசேக்கியேலையும் எசாயாவையும் என் மொழியில் கோயிலுக்குள் கேட்டது பெரிய கொடை. அதைத் திருப்பிக் கேட்கிறவர்களோடு எனக்கு உறவில்லை. ஆனால் பீடத்துக்குத் தமிழ் வந்த அதே வருடங்களில்தான் பாயில் இருந்த தமிழை வாயடைத்தார்கள். அதற்கு எந்தச் சங்கம் உத்தரவு போட்டது? ஒரு சங்கமும் போடவில்லை.

புதிதாகப் படித்துவந்த ஒரு இளம் சுவாமியார், பெயர் வேண்டாம், நல்ல மனுசன், ஒரு பெரிய வெள்ளி இரவு ஒலிபெருக்கியைப் பொருத்திவிட்டு ஆச்சியிடம் வந்தார். “இது திருவழிபாடு இல்லை ஆச்சி, இனி வீட்டில வாசியுங்கோ” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆச்சி கொப்பியை மூடி மடியில் வைத்தார். அன்று கோயிலில் தமிழ் எல்லாமே ஒலிபெருக்கிக்குள்ளிருந்து வந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். வாய் திறக்காமல், பார்த்துக்கொண்டு. உங்கள் மகனுக்கு வகுப்பில் சொன்ன அந்தக் காட்சியை நான் முதன்முதல் கண்டது அன்றைக்குத்தான், பிள்ளை.

அடுத்த வருடம் ஆச்சி எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்தார். ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த வருடம் மூன்று பேர். ஆச்சி போன பிறகு கொப்பி என்னிடம் வந்தது. 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு, போருக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, கையில் பேரப்பிள்ளையும் ஒரு சாக்கு அரிசியும் இருந்தன. கொப்பி அலுமாரியில் இருந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை.

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. சொல்லிக்கொடுங்கள், பழையதும் புதியதும். பிள்ளைகள் குழம்புவதில்லை, ஒரே வீட்டில் இரண்டு மொழி பேசி வளர்கிறவன் இரண்டு செபத்துக்கா குழம்பப் போகிறான்? பிரியதத்தம் என்றால் என்னவென்று கேட்பான். தெரியாது என்று சொல்லாமல், அருள் என்று சொல்லுங்கள். அம்மம்மா அப்படித்தான் சொன்னவ என்றும் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. நூலால் கட்டியிருக்கிறது என்றீர்களே, அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கையெழுத்துத் தாள்கள் ஏதும் சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் ஒப்பாரியை அப்படித்தான் வைத்திருந்தார்கள். அந்த ஒட்டிய இரண்டு பக்கங்களை நான் அன்று கண்ணால் பார்க்கவில்லை, பிறகு பார்த்தபோது மனப்பாடம் செய்யவும் இல்லை. ராகம் முழுவதும் காதில் இருக்கிறது, சொற்கள் பாதிதான் வருகின்றன. இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். நூலை மெதுவாக அவிழ்க்க வேண்டும், அந்தக் காலத்துத் தாள் மடித்த இடத்தில் முறிந்துவிடும்.